'தேங்காயிலிருந்து எடுத்தது' என்று எழுதினால் போதுமா?

திருவொற்றியூர் செல்வி:
தேரடி பக்கம் பார்லர் நடத்துகிறேன். மூன்று மாதமாக விரல் இடுக்கில் வெடிப்பு, கண் இமை தடித்துச் சிவந்துபோகிறது. தோல் டாக்டர் முதுகில் ஒவ்வாமைச் சோதனைப் பட்டைகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். டைமெத்தில் அமினோ புரோப்பைல் அமீன் என்ற ரசாயனம் ஒட்டிய இடம் மட்டும் சிவந்திருந்தது. ஷாம்பு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அந்தப் பெயரே இல்லை. 'தேங்காயிலிருந்து' என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இது ஏமாற்று வேலை இல்லையா?

மணலி ஆபரேட்டர்:
இல்லை அக்கா. எங்கள் ரசாயன ஆலையில் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலத்தோடு அந்த அமீனைச் சேர்த்துச் சூடாக்குவோம். அமைடோ அமீன் வரும். அதோடு சோடியம் மோனோகுளோரோ அசிட்டேட் சேர்ந்தால் கோக்கமிடோபுரோப்பைல் பீட்டைன், ஷாம்புவில் நுரைக்கும் அழுக்கு நீக்கவும் சேர்ப்பது. குழந்தைகள் ஷாம்புவில்கூட இது இருக்கும், அவ்வளவு மென்மை. அமீன் வினையிலேயே கிட்டத்தட்டத் தீர்ந்துவிடுகிறது. சோறான பிறகு அரிசியைத் தேடலாமா?

திருவொற்றியூர் செல்வி:
வேகாத அரிசி பல்லில் கடிபடுகிறதே தம்பி. என் கையில் கடிபட்டது அதுதான்.

ராயபுரம் வாத்தியார்:
செல்வி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2004இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் இந்த பீட்டைனை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. ஆனால் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது பீட்டைன் அல்ல, அதில் தங்கிவிடும் அமீனும் அமைடோ அமீனும்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சரியாகச் சுத்தம் செய்த சரக்கில் அந்த மிச்சம் மிகக் குறைவு.

மணலி ஆபரேட்டர்:
மிச்சமே இருக்காது என்று நானும் சொல்லவில்லை சார். அமீன் டிரம் மூடியைத் திறந்தால் காசிமேட்டுக் கவிச்சியும் அம்மோனியாவும் கலந்த நெடி மூக்கில் ஏறும். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் கிட்டே போக மாட்டோம். அதற்காக, ஒரு சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரையும் பயமுறுத்தலாமா? லேபிளில் சேர்த்த பொருளைத்தான் போடுவார்கள், மிச்சத்தைப் போட மாட்டார்கள். பீட்டைன் டிரம்மோடு போகிற சோதனைச் சான்றில் அந்த அளவு இருக்கும்.

திருவொற்றியூர் செல்வி:
அப்படியென்றால் ஷாம்பு கம்பெனிக்குத் தெரிகிறது, நாள் முழுக்க அதில் கை வைக்கிற எனக்குத் தெரியவில்லை. நான் ஷாம்புவை நிறுத்தச் சொல்லவில்லை தம்பி. அந்த அளவை பாட்டிலிலும் போடச் சொல்கிறேன். நாளை சரக்கு போடுகிற டீலரிடம் அந்தச் சான்றைக் கேட்கப்போகிறேன்.

மணலி ஆபரேட்டர்:
கேளுங்கள் அக்கா. பீட்டைனின் பேட்ச் நம்பரையும் (தயாரிப்புத் தொகுதி எண்) சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் பழைய தாளைக் கொடுத்துவிடுவார்கள்.