ஜூனில் ஜோகன்னஸ்பர்க் வரும் குடும்பம்: 46 கிலோவில் எதை ஏற்றுவது, எதை இங்கேயே வாங்குவது?

மிட்ரண்ட்_மதுரை:

எல்லோருக்கும் வணக்கம். மனைவியும் எட்டு வயதுப் பையனும் ஜூன் முதல் வாரம் மதுரையிலிருந்து இங்கே ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலுள்ள மிட்ரண்ட் வருகிறார்கள். ஆளுக்கு 23 கிலோ பெட்டி ஒன்று, கைப்பை 7 கிலோ. வாடகை ஃபிளாட்டில் நாலு இரும்புத் தட்டு வைத்த மின் அடுப்பும் ஓவனும் இருக்கின்றன, மற்றபடி சமையலறை காலி.

ஊரில் இப்போது எழுதி வைத்திருப்பது: இட்லி அரிசி 10 கிலோ, மசாலாப் பொடிகளும் பருப்பும் சேர்ந்து 9 கிலோ, மிக்ஸி, 5 லிட்டர் குக்கர், இட்லிச் சட்டி, இரும்பு வாணலி, கம்பளி இரண்டு, யுனிவர்சல் அடாப்டர் மூன்று, 30,000 எம்ஏஎச் பவர் பேங்க், துணிமணி. நிறுத்துப் பார்த்தால் 58 கிலோ வருகிறது. எதைக் கழிக்கலாம்? இங்கே விலை அதிகமாகவோ கிடைக்காமலோ இருக்கும் பொருள் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

ஒயர்மேன்_ஜோபர்க்:

முதலில் அந்த மூன்று யுனிவர்சல் அடாப்டரையும் எடுத்துவிடுங்கள். விமான நிலையக் கடைகளில் விற்கும் சதுர அடாப்டர்களில் பெரும்பாலானவை அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய, ஆஸ்திரேலிய முனைகளோடுதான் வரும். தென்னாப்பிரிக்காவின் பெரிய மூன்று உருண்டைப் பின் அவற்றில் இருக்காது. வாங்கிக்கொண்டு வந்து இங்கே சுவரில் செருக முடியாமல் நிற்கவேண்டியதுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இந்திய வீடுகளில் ஏசிக்கும் கீசருக்கும் வைக்கும் 16 ஆம்ப் பிளக்கும் இங்குள்ள சுவர் பிளக்கும் ஒரே பழைய பிரிட்டிஷ் 15 ஆம்ப் வகையைச் சேர்ந்தவை. பின் தடிமன் சுமார் 7 மி.மீ, எர்த் பின் சுமார் 8.7 மி.மீ. மின்சாரமும் ஒன்றேதான்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம். ஆகவே 16 ஆம்ப் பிளக் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு வாங்கி வரச் சொல்லுங்கள். அதைச் சுவரில் நேராகச் செருகிவிட்டு, ஊர்ச் சாமான்களை அவற்றின் சொந்தப் பிளக்கோடு அதில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு பாக்ஸ் சமையலறைக்கு, ஒன்று படுக்கையறைக்கு.

கடையில் கிடைக்கும் பாக்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு 6 ஆம்ப் பிளக்தான் இருக்கும். அதை வெட்டிவிட்டு 16 ஆம்ப் பிளக் டாப் மாட்டலாம், எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை. பச்சை ஒயர் பெரிய பின்னுக்கு, சிவப்போ பிரவுனோ எல் என்று பொறித்த பின்னுக்கு, கறுப்போ நீலமோ என் என்ற பின்னுக்கு. உள்ளே ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று இருக்கும். அது ஒயரின் மேலுறையைப் பிடிக்க வேண்டும், உள் கம்பிகளை அல்ல. இதைக் கவனிக்காமல் மாட்டினால் ஒயரை இழுக்கும்போது எர்த் கம்பி கழன்றுவிடலாம். அது கழன்றது வெளியே தெரியவும் தெரியாது.

இன்னொன்று, பாக்ஸில் 6 ஆம்ப் ஃபியூஸோ ஓவர்லோடு சுவிட்சோ கட்டாயம் இருக்க வேண்டும். இங்கே பிளக் லைனுக்கு வழக்கமாக 20 ஆம்ப் பிரேக்கர்தான் போட்டிருப்பார்கள். பாக்ஸின் மெல்லிய ஒயர் சூடேறி உருகும்வரை அந்தப் பிரேக்கர் விழாது. 750 வாட் மிக்ஸி சுமார் 3.3 ஆம்ப்தான் இழுக்கும், கவலையில்லை. 2,000 வாட் கெட்டில் 8.7 ஆம்ப் இழுக்கும். கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் மூன்றையும் இங்கேயே வாங்கிச் சுவரில் நேராக மாட்டுங்கள்.

மிக்ஸி பழையதென்றால் கிளம்புவதற்கு முன் ஊரில் எர்த் லீக்கேஜ், அதாவது மின்கசிவு, இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். இங்கே வீட்டு டிபி போர்டில் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) 30 மில்லி ஆம்ப் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் உண்டு. ஊரில் லேசாக ‘சுர்’ரென்று கையைப் பிடித்த மிக்ஸி, இங்கே போட்டதும் பிளக் லைன் முழுவதையும் அணைத்துவிடலாம்.

மொபைல் சார்ஜர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டிடங்களில் பெரிய சாக்கெட்டின் பக்கத்திலேயே அறுகோண வடிவத்தில் சின்ன சாக்கெட் இருக்கும். 4 மி.மீ மெல்லிய இரண்டு பின் சார்ஜர் அதில் நேராகப் போகும். 5 மி.மீ தடித்த பின் போகாது, பலவந்தம் செய்யாதீர்கள்.

சாட்ஸ்வொர்த்_அக்கா:

தம்பி, அரிசியையும் மசாலாவையும் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 19 கிலோவை அங்கேயே மிச்சம் பிடிக்கலாம். டர்பனில் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட், உங்கள் பக்கம் ஃபோர்ட்ஸ்பர்க், லெனேசியா என்று மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு, பெருங்காயம் எல்லாமே தாராளமாகக் கிடைக்கும். துவரம்பருப்புக்கு ‘ஆயில் டால்’ என்று கேளுங்கள். எண்ணெய் தடவி வரும், வெந்நீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் போடுங்கள். மிளகாய்ப் பொடி வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்குள்ள கலவை மசாலாக்கள் காரம் கூடியவை, பையனுக்குச் சமைக்கும்போது வழக்கமாகப் போடுவதில் பாதியில் ஆரம்பியுங்கள்.

கொண்டுவரத் தகுந்தவை: வீட்டுச் சாம்பார் பொடி 1 கிலோ, ரசப்பொடி அரை கிலோ, சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூள் 2 கிலோ. இந்த மூன்றின் ருசியும் இங்கே அகப்படாது. காபித் தூளைக் கால் கிலோ பாக்கெட்டுகளாகக் காற்றுப் புகாமல் ஒட்டி வாங்கினால் கடைசிப் பாக்கெட் வரை மணம் நிற்கும். பித்தளை ஃபில்டரும் ஒன்று.

இட்லி அரிசிக்கு: சூப்பர் மார்க்கெட்டில் பார்பாய்ல்டு என்று எழுதிய நீள அரிசி இருக்கும், அதுவும் புழுங்கலரிசிதான். நாலு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி அவல். அவல் இல்லாமல் அரைத்தால் இட்லி கொஞ்சம் கெட்டியாக வரும்.

கறிவேப்பிலை, முருங்கை விதை, தேன், பால்கோவா, கருவாடு எதுவும் பெட்டியில் வேண்டாம். செடி, விதை, பால், இறைச்சி வகைகளை அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவரக் கூடாது, பெட்டியைத் திறந்தால் எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலை டர்பனில் வீட்டுக்கு வீடு வளர்கிறது, ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) இந்தியக் கடைகளுக்கும் வரும்.

பிரிட்டோரியா_பாலா:

அக்கா சொன்னபடி உணவுச் சாமான் குறைந்தால், அந்த எடையைக் குக்கருக்குக் கொடுங்கள். டர்பனில் இருந்தால் குக்கர் இல்லாமலும் சமாளிக்கலாம், ஜோபர்க்கில் முடியாது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. கொண்டைக்கடலையும் துவரம்பருப்பும் வேக வெகுநேரம் பிடிக்கும், மின்சாரம் வீண். குக்கருக்குள் 117 டிகிரி வரை போகும். மதுரையில் 120 வரும், அந்த மூன்று டிகிரிக்காக ஒரு விசில் கூட வையுங்கள், போதும்.

ஆனால் உங்கள் அடுப்பு இரும்புத் தட்டு என்கிறீர்கள். அதற்கேற்ற பாத்திரம் வேண்டும். இட்லிச் சட்டியும் உருண்டை அடி வாணலியும் அதில் வேலைக்கு ஆகாது. அடி நடுவில் மட்டும்தான் தொடும், பாதிச் சூடு காற்றில் போய்விடும். இரண்டையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். குக்கருக்குள் வைக்கும் இட்லித் தட்டு அடுக்கு ஒன்று, தட்டையான அடி கொண்ட வாணலி ஒன்று, அவ்வளவுதான். இந்தத் தட்டுகள் வழக்கமாக 145 மி.மீ, 180 மி.மீ என்று இரண்டு அளவில் வரும். குக்கரின் அடியை ஸ்கேல் வைத்து அளந்து 18 செ.மீ அருகில் இருப்பதை எடுங்கள். அளக்கும்போதே ஸ்கேலின் ஓரத்தை அடியில் குறுக்காக வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடி வளைந்திருக்கிறது, அந்தக் குக்கர் வேண்டாம். தோசைக்கல் 25 செ.மீக்கு மேல் வேண்டாம், ஓரம் வேகாமல் நடு மட்டும் கருகும்.

இரும்புத் தட்டு அணைத்த பிறகும் பல நிமிடம் சுடும். நாலு விசில் வேண்டுமென்றால் மூன்றாவதிலேயே அணைத்துவிட்டுக் குக்கரை அப்படியே விடுங்கள். கேஸ் அடுப்புப் பழக்கத்தில் நாலாவது விசிலில் அணைத்தால் பருப்பு அடிப்பிடிக்கும்.

உதிரிப் பாகங்கள்தான் நிஜமான சேமிப்பு. கையளவு எடை, இங்கே தேடினால் சரியான அளவில் கிடைப்பது அதிர்ஷ்டம்: குக்கர் கேஸ்கட் 2, சேஃப்டி வால்வு 2, வெயிட் 1, மிக்ஸி கப்ளர் (ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பாகம்) 2, கார்பன் பிரஷ் ஒரு ஜோடி. இருபது ரூபாய் கப்ளர் தேய்ந்ததற்காக மிக்ஸியையே தூக்கிப் போட்டவர்கள் இங்கே நிறைய. குக்கரின் பெயர், லிட்டர், உள்மூடியா வெளிமூடியா, மூன்றையும் சொல்லி வாங்கச் சொல்லுங்கள். 5 லிட்டர் என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் தருவது பெரும்பாலும் பொருந்தாது.

பவர் பேங்க் 30,000 வேண்டாம். கணக்கு இது: எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து 3.7ஆல் பெருக்குங்கள். 30,000 என்றால் 111 வாட் அவர். 100 வாட் அவருக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டும். 20,000 என்றால் 74தான், பிரச்சினையில்லை. எதுவானாலும் கைப்பையில்தான், பெட்டியில் போடக் கூடாது.

மிட்ரண்ட்_மதுரை:

மூவருக்கும் மிக்க நன்றி. அரிசி, மசாலா, இட்லிச் சட்டி, வாணலி, அடாப்டர் எல்லாம் போனால் 35 கிலோவுக்குள் வந்துவிடும்போல. மூன்று சந்தேகம். கம்பளி கொண்டுவருவதா? கழிவறைக்கு ஹெல்த் ஃபாசெட் ஊரிலிருந்து வாங்கி வரலாமா? கரன்ட் போனால் வைஃபைக்கு என்ன செய்வது?

பிரிட்டோரியா_பாலா:

கம்பளி வேண்டாம், இடத்தைத்தான் அடைக்கும், இங்கே குளிர்காலக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பதில் திருப்பூர் தெர்மல் உள்ளாடை ஆளுக்கு இரண்டு செட். ஜூன், ஜூலை இரவுகளில் ஜோபர்க்கில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். வீடுகளில் ஹீட்டிங் இருக்காது, தரை டைல்ஸ் ஐஸாக இருக்கும். தடித்த சாக்ஸ் ஆளுக்கு நாலு ஜோடியும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றும் நல்லது. முக்கால்வாசி ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரப்பர் சீக்கிரம் வெடிப்பு விடும். குளிர்காலக் காற்று இங்கே வறண்டது, பையனுக்கு உதடு வெடிக்கும், வாஸ்லின் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பையனுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ கண்ணாடி இருந்தால், இரண்டாவது ஜோடியை மதுரையிலேயே செய்து எடுத்து வாருங்கள். இதில் மிச்சமாகும் பணம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. மஞ்சப்பை நாலு. இங்கே கடையில் பிளாஸ்டிக் பைக்கு வரி உண்டு, ஒவ்வொரு முறையும் தனியாகக் காசு வாங்குவார்கள்.

ஒயர்மேன்_ஜோபர்க்:

ஃபாசெட்டின் திருகு இரண்டு நாட்டிலும் அரை அங்குலம்தான், பொருந்தும். பிரச்சினை தண்ணீர் அழுத்தம். மதுரையில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருவது அநேகமாக ஒரு பாருக்குள்தான் (பார் என்பது அழுத்த அளவு) இருக்கும். இங்கே பல வீடுகளில் 4 பார் வரை வரும். பிளாஸ்டிக் ஹோஸ் சில வாரத்தில் முனையில் வெடித்து, ஆளில்லாத நேரத்தில் வீட்டை நனைத்துவிடும். வாங்கினால் ஸ்டீல் பின்னல் ஹோஸ், பித்தளை டி கனெக்டர், தனி ஸ்டாப் காக் மூன்றும் சேர்த்து வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பயன்படுத்தியதும் ஸ்டாப் காக்கை மூடிவிடுங்கள். வாடகை வீடென்பதால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வேண்டும். இதெல்லாம் சிரமமென்றால் நல்ல பிளாஸ்டிக் மக் இரண்டு போதும், பெட்டிக்குள் சாக்ஸை அதனுள்ளே திணித்து வரலாம்.

வைஃபைக்கு ரவுட்டர் மினி யுபிஎஸ். முன்புபோல் நாள்தோறும் லோட் ஷெட்டிங் இல்லை, ஆனாலும் லைன் பழுதாகிப் போகும். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்ப் என்றால் 12 வாட். இரண்டு மணி நேரத்துக்கு 24 வாட் அவர், இழப்பும் சேர்த்து 28. 8,800 எம்ஏஎச் மினி யுபிஎஸ்ஸில் 32 இருக்கும், தாங்கும். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் கணக்குப் போட வேண்டும், அப்போது இது ஒரு மணி நேரம்தான். முனை 5.5க்கு 2.1 மி.மீயா 2.5 மி.மீயா என்று பார்த்து வாங்குங்கள். 2.1 வேண்டிய இடத்தில் 2.5 முனை உள்ளே போகும், ஆனால் ஆட்டினால் அணையும்; 2.5 வேண்டிய இடத்தில் 2.1 முனை போகவே போகாது. இதிலும் லித்தியம் பேட்டரிதான், ஆகவே கைப்பையில்.

சாட்ஸ்வொர்த்_அக்கா:

கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். குக்கரை மூடிக் கட்டாதீர்கள். ஸ்கேனில் மூடிய உலோகப் பாத்திரம் தெரிந்தால் பெட்டியைத் திறப்பார்கள். மூடி தனியாக, உள்ளே மிக்ஸி ஜார், சுற்றிலும் துணி. பிளேடுள்ள ஜாரைக் கைப்பையில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு பெட்டியையும் 22 கிலோவோடு நிறுத்துங்கள், வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் அரை கிலோ மாறும். கேஸ்கட்டை மடித்துச் செருகினால் மடிப்பு அப்படியே நின்றுவிடும், பிறகு அந்த இடத்தில்தான் ஆவி ஒழுகும். குக்கரின் அடியில் வட்டமாகப் படுக்க வைத்து, அதன்மேல் சாம்பார் பொடிப் பாக்கெட்டை வையுங்கள்.