ஆபீஸ் பேப்பரை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆடிட்டர் ஆபீஸ், மேல மாசி வீதி:

நானே ஆரம்பிக்கிறேன். ஜிஎஸ்டி, வருமான வரிக் கோப்புகள், கிளையண்ட் கொண்டுவந்து தரும் கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, பேங்க் ஸ்டேட்மென்ட் என்று எங்களிடம் பரண் வரைக்கும் பேப்பர்தான். தூக்கிப் போடவும் முடியாது. ஜிஎஸ்டி கணக்கு என்றால் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம், கம்பெனிக் கணக்கு என்றால் 8 நிதியாண்டு வைத்திருந்தே ஆக வேண்டும். முன்பு மாத வாடகைக்கு ஒரு கிளவுட் சேவையில் வைத்திருந்தோம், திடீரென்று வாடகையை ஏற்றினார்கள், சரி எடுத்துக்கொண்டு கிளம்புவோம் என்று பார்த்தால் அத்தனை கோப்பும் பெயர் போய் வெறும் எண்களாக இறங்கியது. எது யாருடைய வவுச்சர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்தார்கள் எங்கள் பிள்ளைகள். அதனால் அடுத்து எதை எடுத்தாலும் முதலில் கேட்பது, இதை விட்டு வெளியே போனால் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான்.

ஆவணங்களைச் சேமித்துத் தேட உதவும் மென்பொருள்களில் ஆல்ஃபிரெஸ்கோ, ஓபன்கேஎம் இரண்டின் இலவசப் பதிப்பையும் பார்த்தோம், ஜாவாவில் ஓடுபவை, பெரிய நிறுவனத்துக்கு ஏற்றவை. மாயன் ஈடிஎம்எஸ் என்ற இன்னொன்றில் ஒரு ஆவணத்தை ஒருவர் சரிபார்த்து, அடுத்தவர் ஒப்புதல் கொடுத்து என்று படிப்படியாக நகர்த்தலாம், யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் நுணுக்கமாகப் பிரிக்கலாம். எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. கடைசியில் பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் என்ற மென்பொருளை எடுத்தோம். ஸ்கேனர் ஒரு ஃபோல்டரில் கோப்பைப் போட்டால் அதுவே எடுத்து, எழுத்தைப் படித்து, தேட வசதியாக வைத்துவிடுகிறது. நாம் கொடுத்த ஒரிஜினலை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் பிடிஎஃப்-ஏ (நெடுநாள் பாதுகாக்க ஏற்ற பிடிஎஃப் வகை) நகல் ஒன்றும் வைக்கிறது. கிளையண்ட் பெயர், ஆண்டு என்று நாம் சொல்லும் வரிசையில் ஃபோல்டரும் பெயரும் அமைக்கலாம், ஆகவே நாளைக்கு மென்பொருளே இல்லாமல் போனாலும் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் எல்லாம் படிக்கிற பெயரோடு இருக்கும். எனக்கு அது ஒன்றே போதும்.

தமிழ் படிக்குமா என்று கேட்பீர்கள். படிக்கும், ஆனால் நாம் சொல்ல வேண்டும். உள்ளே எழுத்தைப் படிப்பது டெசராக்ட் என்ற மென்பொருள், ஹெச்பி ஆய்வகத்தில் 1985 வாக்கில் தொடங்கி 2005இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. டாக்கரில் (மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பெட்டியாக நிறுவும் முறை) நிறுவினால் ஆங்கிலம், ஜெர்மன் மாதிரி ஐரோப்பிய மொழிகள்தான் கூடவே வரும், தமிழ்ப் பொதியைத் தனியாகச் சேர்த்து, தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படி என்று அமைப்பில் எழுத வேண்டும். ஸ்கேன் 300 டிபிஐக்குக் குறையக் கூடாது. இப்போதைய அச்சுப் பத்திரம் நன்றாகவே வருகிறது. பழைய முத்திரைத்தாளில் கையெழுத்தில் எழுதி, வரிகளுக்கு மேலேயே சார்பதிவாளர் ஆபீஸ் ஊதா முத்திரை விழுந்திருக்கும் பாருங்கள், அதைப் படிக்கும் என்று நம்ப வேண்டாம். அந்த மாதிரிப் பத்திரத்துக்கு ஆவண எண், வருடம், சர்வே எண் மூன்றையும் தலைப்பிலேயே கையால் அடித்துவிடுகிறோம். தேடும்போது எங்கள் ஆட்கள் கேட்பதும் அந்த எண்களைத்தான்.

தொழிற்சாலை அலுவலகம், கப்பலூர் சிட்கோ:

தமிழ் விஷயத்தில் இன்னொன்று சேர்க்கிறேன் அண்ணே. எங்களிடம் பழைய சுற்றறிக்கை, தொழிலாளர் ஒப்பந்தம் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து பிடிஎஃப் ஆக்கியவை. திரையில் சுத்தமான தமிழ் தெரியும், காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை. பேப்பர்லெஸ் வழக்கமாக எழுத்து ஏற்கெனவே இருக்கும் பக்கத்தைத் திரும்பப் படிக்காமல் விட்டுவிடும், ஆக அந்தக் குப்பையே தேடலுக்கும் போய்ச் சேரும், 'போனஸ்' என்று தமிழில் தேடினால் ஒன்றும் வராது. ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) அமைப்பைக் கட்டாயம் என்று மாற்றினோம், பக்கத்தைப் படமாக்கித் திரும்ப முதலிலிருந்து படிக்கிறது, இப்போது கிடைக்கிறது. எல்லாக் கோப்புக்கும் அதையே வைத்தால் நல்ல யூனிகோடு பிடிஎஃப்பின் நகலும் வீணாகப் படமாகிவிடும், அதனால் பாமினிக் கோப்புகளை மட்டும் தனியாக ஒரு தவணையில் ஏற்றி முடித்து அமைப்பைப் பழையபடி திருப்பிவிட்டோம். அரசே 2010இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது, பழைய பேப்பர் மட்டும் வரவில்லை.

வக்கீல் ஆபீஸ், ஒத்தக்கடை:

ஹைகோர்ட் கிளை பக்கத்தில்தான் இருக்கிறோம். எனக்குக் கவலை ரகசியம். பேப்பர்லெஸ் கோப்புகளைப் பூட்டி வைப்பதில்லை, டிஸ்க்கில் திறந்தபடியே இருக்கும், நம்பிக்கையில்லாத இடத்தில் வைக்காதீர்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கட்சிக்காரர் ஆவணம் வெளியே போனால் நம் தொழிலே போச்சு. அதனால் லினக்ஸ் நிறுவும்போதே டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்தோம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டினோம்), இன்டர்நெட்டுக்குத் திறக்கவே இல்லை, ஆபீஸ் வைஃபைக்குள் மட்டும். அண்ணன், பேக்கப் எப்படி எடுக்கிறீர்கள்?

ஆடிட்டர் ஆபீஸ், மேல மாசி வீதி:

பேப்பர்லெஸ் கூடவே வரும் ஏற்றுமதிக் கட்டளையில் கோப்பு, குறிச்சொல், தேதி எல்லாம் சேர்ந்து வெளியே வரும். ராத்திரி அது தானாக ஓடும். இரண்டு டிஸ்க், ஒன்று ஆபீசில், இன்னொன்று ஆடிட்டர் சார் வீட்டில், சனிக்கிழமை மாற்றிக்கொள்வோம். வெறுமனே எடுத்து வைத்தால் போதாது, ஒரு பழைய லேப்டாப்பில் காலியாக நிறுவி, அந்த டிஸ்க்கிலிருந்து ஏற்றிப் பாருங்கள், ஏதாவது ஒரு கிளையண்ட் பெயரைச் சொல்லி அவர் பத்திரம் கிடைக்கிறதா என்று ஆபீஸ் பையனையே தேடச் சொல்லுங்கள். யூபிஎஸ் கட்டாயம், எங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போனால் சாயந்திரம்தான் வரும். புதிதாகத் தேர்ந்தெடுப்பவர்கள் டெமோவில் இருக்கும் அழகான இன்வாய்ஸை நம்பாமல், உங்கள் பீரோவிலேயே ரொம்ப மோசமாக மங்கிக் கிடக்கும் பேப்பர்க் கட்டு ஒன்றை எடுத்து ஏற்றிப் பாருங்கள், கிழிந்தது, கார்பன் காப்பி, முத்திரை விழுந்தது எல்லாம் அதில் இருக்கட்டும். பத்திரத்தின் ஒரிஜினலை மட்டும் எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள், ஸ்கேன் தேடுவதற்குத்தான்.