ஹார்ன்ரெஸ்ப்பில் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்குது, பெட்டியில் 60-க்குக் கீழே ஆளையே காணோம்

செட்டுக்காரன்

வணக்கம். மதுரைப் பக்கம் சின்னதாக ஒரு சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன், கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வண்டி ஓடுகிறது. பேஸுக்கு இதுவரை ரிஃப்ளெக்ஸ் பெட்டிதான் (காற்றுத் துளை வைத்த வழக்கமான பெட்டி). இந்த வருஷம் ஹார்ன் பெட்டி (ஸ்பீக்கருக்கு முன்னால் விரிந்துகொண்டே போகும் குழாய் வைத்தது) செய்தே தீருவது என்று மூன்று மாதம் ஹார்ன்ரெஸ்ப் என்கிற ஹார்ன் சிமுலேஷன் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டி, 18 இஞ்ச் டிரைவர் (ஸ்பீக்கர்) ஒன்றுக்கு மடித்த ஹார்ன் வரைந்து, 18 மி.மீ. பிளைவுட்டில் ஆசாரியை வைத்து ஒரு பெட்டி அடித்தாயிற்று.

நான் போட்ட எண்கள்: எஸ்1 (தொண்டைப் பரப்பு) 600 ச.செ.மீ., எஸ்2 (வாய்ப் பரப்பு) 5000 ச.செ.மீ., எல்12 (ஹார்ன் நீளம்) 210 செ.மீ., விரிவு எக்ஸ்பொனென்ஷியல். எஃப்12 (ஹார்னின் கட்-ஆஃப்) தானாகவே 27.6 ஹெர்ட்ஸ் என்று வந்து உட்கார்ந்தது. பின் அறை 90 லிட்டர். எஸ்டி (கூம்புப் பரப்பு) 1210 ச.செ.மீ., எம்எம்டி (ஆடும் பாகத்தின் எடை) 200 கிராம், சிஎம்எஸ் (கூம்பைத் தாங்கும் பாகத்தின் இளக்கம்) 1.03ஈ-04, டிரைவரின் எஃப்எஸ் (சொந்த ஒத்ததிர்வு) 35 ஹெர்ட்ஸ். ஈஜி (கொடுக்கும் வோல்ட்) 2.83, ஆங் 0.5 × பை.

கிராஃப் 40 ஹெர்ட்ஸ் வரைக்கும் அழகாக இறங்கி வருகிறது. கணக்கும் ஒத்துப் போகிறது, 210 செ.மீ.யை நான்கால் பெருக்கினால் 8.4 மீட்டர், அது 41 ஹெர்ட்ஸ். ஆனால் பெட்டியை முற்றத்தில் வைத்து ஓட்டினால் 60 வரைக்கும் நெஞ்சில் குத்துகிறது, அதற்குக் கீழே யாரோ கத்தரியால் வெட்டின மாதிரி. பழைய ரிஃப்ளெக்ஸ் பெட்டியே இதைவிடத் தேவலை. போன் ஆப்பில் அளந்தாலும் அதையேதான் சொல்கிறது. சாஃப்ட்வேர் தப்பா, டிரைவர் தப்பா, ஆசாரி தப்பா? திருவிழாவுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. சொல்லுங்கள் அண்ணன்மாரே.

அலைநீளம்

தம்பி, ஒரு கேள்வி. ஆங் 0.5 × பை எங்கிருந்து வந்தது?

செட்டுக்காரன்

நெட்டில் ஒருத்தர் தன்னுடைய உள்ளீட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். அதைப் பார்த்து டிரைவர் எண்களை மட்டும் மாற்றினேன். அது ஏதோ கோணம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அலைநீளம்

கோணம்தான், ஆனால் விட்டுவிடக் கூடிய கோணம் இல்லை. ஒலி பரவ எவ்வளவு வெளி இருக்கிறது என்று நீங்கள் ஹார்ன்ரெஸ்ப்புக்குச் சொல்லும் இடம் அது. கம்பத்தில் தொங்கவிட்டால் 4 பை, வெட்டவெளியில் தரையில் வைத்தால் 2 பை, தரையோடு ஒரு சுவரும் சேர்ந்தால் 1 பை, தரையும் இரண்டு சுவரும் சந்திக்கும் மூலை என்றால் 0.5 பை. நீங்கள் திருவிழாத் திடலுக்குச் செய்த பெட்டியை வீட்டு மூலைக்குள் வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் பார்த்துக் காப்பியடித்தவர் அநேகமாக மூலையில் வைக்கிற வீட்டுப் பெட்டிக்காரராக இருக்கும். பால் கிளிப்ஷ் 1946-லிருந்து விற்ற கிளிப்ஷ்ஹார்ன் அந்த வகைதான், அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் மிச்சமாக வைத்துக்கொள்ளும்.

இதில் எவ்வளவு போகும் என்றால், ஹார்ன் வாய் ஒழுங்காக வேலை செய்ய வாயின் சுற்றளவு ஒரு அலைநீளம் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 40 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 8.6 மீட்டர். நாலா பக்கமும் வெட்டவெளி என்றால் வாய் கிட்டத்தட்ட 5.9 சதுர மீட்டர், அதாவது ஒரு சின்ன அறை அளவு. தரையில் வைத்தால் அதில் பாதி, 2.9. மூலையில் என்றால் எட்டில் ஒன்று, 0.74. உங்கள் வாய் 0.5. மூலையில் இருந்தால் கிட்டே வந்துவிடுகிறது, திடலில் எட்டவே எட்டாது. உங்கள் ஒற்றைப் பெட்டி திடலில் 97 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் முழு ஹார்ன். அதற்குக் கீழே அது பாதி ஹார்ன், பாதி குழாய்.

குழாய் என்றதும் உங்கள் நான்கால் பெருக்குகிற கணக்கு. அது ஒரே அகலமாகப் போகும் குழாய்க்குத்தான் பொருந்தும். போகப் போக விரியும் குழாயில் முதல் ஒத்ததிர்வு மேலே ஏறிவிடும். உங்கள் எண்களை வைத்து, வாய்ப்பக்கம் கால் மீட்டர் கூடுதலாகச் சேர்த்து நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன், 56 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. எஃப்12 27.6 என்பது விரிகிற வேகத்துக்கான எண் மட்டும்தான், பெட்டி அதுவரை பாடும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள், நானும் முதல் பெட்டியில் ஏமாந்தவன்தான்.

ஆங்கை 2.0 × பை ஆக்கி ஓட்டிவிட்டு வாருங்கள்.

செட்டுக்காரன்

மாற்றினேன். கிராஃப் அப்படியே மடங்கி விழுந்துவிட்டது. 55 ஒட்டி ஒரு மேடு, அதற்குக் கீழே சறுக்குமரம். மூன்று மாதம் நான் பார்த்துச் சந்தோஷப்பட்டது எல்லாம் மூலைச் சுவர் போலிருக்கிறது. ஆனாலும் 55-க்கும் நான் கேட்கும் 60-க்கும் நடுவே இடைவெளி இருக்கிறதே?

வண்டிமேடு

இதுக்குத்தான் சொல்றது, கம்ப்யூட்டரில் படம் பார்த்துப் பெட்டி அடிக்காதீங்கன்னு. நாலு பேர் ஓட்டிக் காட்டின பிளான் இருக்கு, அதை வாங்கி அடிச்சோமா வண்டியில ஏத்தினோமான்னு இருக்கணும். இருபது வருஷமா நான் ஒரு சிமுலேஷனும் பார்த்ததில்லை.

மரத்தூள்

வண்டிமேடு அண்ணே, அந்த நாலு பேர் ஓட்டிக் காட்டின பிளானை வரைந்தவன் கம்ப்யூட்டரிலோ காகிதத்திலோ இதே கணக்கைப் போட்டுத்தான் வரைந்திருப்பான். அது கிடக்கட்டும்.

செட்டுக்காரரே, 210 செ.மீ.யை மடிப்புகளில் எப்படி அளந்தீர்கள்? பெட்டிக்குள் பலகையை ஒட்டி, வெளிமூலை வழியாக டேப் ஓடவிட்டீர்களா, இல்லை நடுக்கோட்டிலா? அலை மூலைக்கு மூலை போய்த் தொட்டுவிட்டு வராது, திருப்பத்தில் உள்வாங்கித்தான் போகும். படத்தில் ஒவ்வொரு இடத்திலும் குறுக்குவெட்டின் நடுவில் புள்ளி வைத்து, திருப்பங்களில் வளைவாகச் சேர்த்து அளந்து பாருங்கள். மூன்று மடிப்புள்ள பெட்டியில் இருபது செ.மீ. காணாமல் போவது சர்வசாதாரணம். நானே ஒரு பெட்டியில் பிளைவுட் கனத்தைக் கழிக்க மறந்து, தொண்டை எஸ்1 நினைத்ததைவிடச் சின்னதாகி, அப்புறம் ரம்பத்தோடு உள்ளே தலையை விட்டுக் கிடந்தேன்.

இன்னொன்று. எம்எம்டி 200 என்று போட்டிருக்கிறீர்கள், அது டேட்டாஷீட்டில் எம்எம்எஸ் என்று இருந்த எண் இல்லையே?

செட்டுக்காரன்

அதேதான். இரண்டும் ஒன்று இல்லையா?

மரத்தூள்

இல்லை. எம்எம்எஸ்ஸில் கூம்பு ஆடும்போது கூடவே ஆடுகிற காற்றின் எடையும் அடக்கம். எம்எம்டி கூம்பும் காயிலும் மட்டும். காற்றின் பங்கை ஹார்ன்ரெஸ்ப் தானே ஹார்னிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும், ஆகவே எம்எம்எஸ்ஸைப் போட்டால் காற்றுக்கு இரண்டு தடவை டிக்கெட் எடுத்த மாதிரி. 1210 சதுர செ.மீ. கூம்புக்கு அது சுமார் 24 கிராம், எனவே உங்கள் எம்எம்டி 176 பக்கம். 12 இஞ்சில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, 18-ல் தெரியும். ஆனால் நேர்மையாகச் சொன்னால் உங்கள் 60 ஹெர்ட்ஸ் பிரச்சினைக்கு இது காரணம் இல்லை, இது பெரும்பாலும் மேல்பக்கத்தைத்தான் மாற்றும். திருத்திவிட்டு மறந்துவிடுங்கள்.

சிஎம்எஸ் சரியாகத்தான் இருக்கிறது, 200 கிராமும் 35 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் அந்த எண் வர வேண்டும். சில டேட்டாஷீட்டில் மி.மீ./நியூட்டன், சிலதில் மைக்ரோமீட்டர்/நியூட்டன் என்று கொடுத்திருப்பான், சுழியத்தை ஒன்று தவறவிட்டால் கிராஃப் வேறு ஊருக்குப் போய்விடும்.

மல்டிமீட்டர்

எல்லாரும் கிராஃபையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், பெட்டியை ஒருத்தரும் அளக்கவில்லை. போன் ஆப்பை முதலில் தூக்கிப் போடுங்கள், நிறைய போன்களில் மைக்குக்குப் பின்னால் பேஸை வெட்டும் லோ-கட் இருக்கும், 60-க்குக் கீழே அது சொல்வதை நம்பவே முடியாது.

இம்பீடன்ஸ் (ஹெர்ட்ஸுக்கு ஏற்ப மாறும் டிரைவரின் மின்தடை) அளங்கள். ரூம் ஈக்யூ விசார்டு என்கிற அளவீட்டு சாஃப்ட்வேர் இலவசம்தான், 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சவுண்ட் கார்டு, இரண்டு முதலைக் கிளிப். காலிப்ரேட் செய்துவிட்டு, மூடின பெட்டியில் ஒரு ஸ்வீப் (கீழிருந்து மேல் வரை ஏறும் டோன்). அதே கோட்டை ஹார்ன்ரெஸ்ப்பின் எலக்ட்ரிக்கல் இம்பீடன்ஸ் கிராஃபோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கு மைக் வேண்டாம், திடல் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட மாட்டார். மேடுகள் அதே ஹெர்ட்ஸில் நின்றால் நீளமும் பின் அறையும் சரி. எல்லா மேடும் மொத்தமாக வலதுபக்கம் தள்ளியிருந்தால் ஹார்ன் குட்டை. இடம் சரியாக இருந்து உயரம் மட்டும் சப்பையாக இருந்தால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது, பெரும்பாலும் டிரைவரை மாட்டுகிற கதவுப் பலகையில்.

செட்டுக்காரன்

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் ஒரு வளைகாப்பு ஆர்டர்.

மரத்தூள் அண்ணன் சொன்னதுதான். நடுக்கோட்டில் அளந்தால் 188 செ.மீ. நான் வெளிமூலை வழியாகத்தான் டேப் ஓட்டியிருக்கிறேன். எல்12-ஐ 188 ஆக்கி, ஆங் 2.0 × பை, எம்எம்டி 176 என்று போட்டு ஓட்டினால் மேடு 60-ஐத் தாண்டி நிற்கிறது, அதாவது முற்றத்தில் நான் கேட்டது அப்படியே. பாவம், ஆசாரியை நான் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் படத்தில் இருந்ததை மி.மீ. பிசகாமல் அடித்திருக்கிறார், படம்தான் தப்பு.

இம்பீடன்ஸும் எடுத்தேன். புதிய சிமுலேஷனோடு இடம் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் முதல் மேடு பாதி உயரம்தான். கதவுப் பலகையைச் சுற்றி ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் கீழ்மூலையில் புகை வெடுக் வெடுக்கென்று வெளியே துப்புகிறது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிலும் ஒட்டி, நான்கு போல்ட் இருந்த இடத்தில் பத்து போல்ட் போட்டு முறுக்கிவிட்டேன். மேடு எழுந்து நிற்கிறது.

இப்போது கேள்வி, இந்தப் பெட்டியை உடைப்பதா, வைத்துக்கொள்வதா?

அலைநீளம்

உடைக்காதீர்கள். நீங்கள் தெரியாமல் போட்ட 0.5 × பையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தரையில் நான்கு பெட்டியை வாயோடு வாய் ஒட்டி அடுக்கினால் ஒவ்வொரு பெட்டிக்கும் கிடைக்கிற வெளி, ஒற்றைப் பெட்டிக்கு மூலையில் கிடைப்பதே. 2 பையை நான்கால் வகுத்துப் பாருங்கள். அதனால்தான் ஹார்ன் பேஸ்காரர்கள் பெட்டியைப் பிரித்து வைக்கவே மாட்டார்கள், மேடைக்கு இடம் இரண்டு வலம் இரண்டு என்று வைத்தால் பாதி வாய் போய்விடும். நான்கையும் நடுவில் கூட்டுங்கள்.

ஹார்ன்ரெஸ்ப்பில் பார்க்க எஸ்1, எஸ்2, பின் அறை, தொண்டை அறை எல்லாவற்றையும் நான்கு மடங்காக்கி, டிரைவர் எண்ணிக்கை நான்கு பேரலல் என்று மாற்றுங்கள். எஸ்டி மட்டும் ஒரு டிரைவருக்கானது, அதைத் தொடாதீர்கள். 188-க்கு 40 கிடைக்காது, 50-க்குக் கொஞ்சம் கீழே வரை நம்பலாம். மேளத்துக்கும் சினிமாப் பாட்டுக்கும் அது போதும், மீதி மூன்றையும் 210 நடுக்கோட்டில் வரைந்தால் இன்னும் நல்லது, ஆனால் அப்புறம் நான்கும் ஒரே மாதிரி இருக்காது. நான் என்றால் நான்கையும் ஒன்றாகவே அடிப்பேன், முதல் பெட்டியைக் கல்யாண மண்டப மூலைக்கு ஒதுக்குவேன்.

மல்டிமீட்டர்

ஓட்டுவதற்கு முன் ஈஜியை 2.83-லேயே விட்டுவிடாதீர்கள். அது 8 ஓமுக்கு ஒரு வாட். 800 வாட் தள்ளப் போகிறீர்கள் என்றால் 80 வோல்ட் போட்டு டிஸ்பிளேஸ்மென்ட் கிராஃபைத் திறங்கள். 40-க்குக் கீழே கூம்பு எவ்வளவு தாவுகிறது என்று பார்த்தால் ஹை-பாஸ் (கீழ் ஹெர்ட்ஸை வெட்டும் ஃபில்டர்) போடாமல் பிளக்கைச் சொருகவே மனது வராது.

செட்டுக்காரன்

பார்த்தேன். எக்ஸ்மேக்ஸ் (கூம்பு தாவக்கூடிய எல்லை) 9 மி.மீ., 30 ஹெர்ட்ஸில் கோடு அதைத் தாண்டிக் கிராஃபுக்கு மேலேயே போய்விட்டது. ஹை-பாஸ் 40, 24 டிபி போட்டாயிற்று. ஆசாரியிடம் நான்கு பெட்டி சொல்லியாயிற்று, இந்தத் தடவை நடுக்கோட்டைச் சிவப்பு மையில் வரைந்து கொடுத்திருக்கிறேன்.

வண்டிமேடு

எந்த ஊர் திருவிழான்னு சொல்லுங்க, வந்து கேட்கிறேன்.