3 கழிவுநீர் பம்ப்பை முறை மாற்றும் லேடர்: 2-ஆம் பம்ப் விட்டுப்போகிறது, காரணம்?

கேள்வி: குழிப்பேனல்

அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்க் குழி. 5 எச்பி சப்மெர்சிபிள் பம்ப் 3. கன்ட்ரோலர் டெல்டா எஸ்எஸ்2 பிஎல்சி (லேடர் என்ற புரோகிராமை ஓட்டும் சிறு கணினி), 8 இன்புட் (எக்ஸ்) 6 அவுட்புட் (ஒய்). ஃப்ளோட் (நீர்மட்ட ஸ்விட்ச்) 4, எக்ஸ்0 முதல் எக்ஸ்3 வரை: கீழே நிறுத்தம், அடுத்து முதல் பம்ப், அதற்கு மேல் இரண்டாவது, உச்சியில் அலாரம்.

லேடரில் செய்திருப்பது இவ்வளவுதான்: முதல் பம்ப் ஃப்ளோட் (எக்ஸ்1) வந்ததும் டி0 என்ற ரிஜிஸ்டருக்கு (எண் சேமிக்கும் இடம்) ஐஎன்சி (ஒன்று கூட்டும் கட்டளை), 3-ஐத் தாண்டினால் மறுபடி 1. டி0 எந்த எண்ணோ அந்த பம்ப் ஓடும்.

பிரச்சினை மூன்று. ஒன்று, 1 ஓடி முடிந்தால் சில நேரம் 2-க்குப் பதில் 3 வருகிறது, சில நேரம் மறுபடி 1-ஏ வருகிறது. இரண்டு, கரண்ட் போய் வந்தால் எப்போதும் 1-ஆம் பம்ப்தான். மூன்று, 2 ட்ரிப் ஆகி (ஓவர்லோட் ரிலே நிறுத்தி) இருந்தாலும் அதன் முறை வரும்போது லேடர் அதையே கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது, குழி நிரம்பி அலாரம் அடிக்கிறது. எங்கே தப்பு?

பதில் 1: லேடர்காரன்

முதல் பிரச்சினைக்குக் காரணம் வெறும் ஐஎன்சி. அதற்கு முன்னால் இருக்கும் கான்டாக்ட் ஆன் ஆக இருக்கும்வரை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் (லேடரை ஒருமுறை முழுக்க ஓட்டுவது) ஒன்று கூட்டும். ஃப்ளோட் மேலே இருக்கும் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றிவிட்டு எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் பம்ப். ஐஎன்சிபி போடுங்கள், கான்டாக்ட் ஆன் ஆகும் கணத்தில் ஒரே ஒரு முறைதான் கூட்டும்.

அதோடு முடியாது. குழியில் தண்ணீர் அலையடிக்கும்போது ஃப்ளோட் நாலைந்து முறை தொட்டு விடும், ஒவ்வொரு தொடுதலும் ஒரு பல்ஸ். எக்ஸ்1-க்கு 3 விநாடி டைமர் வையுங்கள் (100 மில்லிசெகண்ட் டைமரில் கே30). டைமர் முடிந்ததும் எம்10-ஐ (கன்ட்ரோலரின் உள் ரிலே, இதுவே "பம்ப் ஓடு") செட் செய்யுங்கள். கீழ் ஃப்ளோட் எக்ஸ்0 ஆஃப் ஆனால் எம்10 ரீசெட்.

முறை மாற்றத்தை ஸ்டார்ட்டில் செய்யாதீர்கள், நிற்கும்போது செய்யுங்கள். எல்டிஎஃப் எம்10 (எம்10 ஆஃப் ஆகும் கணம்), அதன் பின் ஐஎன்சிபி. பம்ப் ஓடும் நேரம் முழுக்க எண் அசையக் கூடாது என்பதுதான் காரணம். அசைந்தால் ஓடுகிற பம்ப் நடுவில் நின்று இன்னொன்று கிளம்பும்.

இரண்டாவது பிரச்சினை: டி0 லாட்ச் இல்லாத (கரண்ட் போனால் எண்ணை மறக்கும்) ரிஜிஸ்டர். எஸ்எஸ்2-இல் டி408-இலிருந்து லாட்ச் பகுதி, எண்ணை அங்கே மாற்றுங்கள். புதிய கன்ட்ரோலரில் அது 0-ஆக இருக்கும், அதனால் எம்1002-இல் (ஓடத் தொடங்கும் முதல் ஸ்கேனில் மட்டும் ஆன்) "1-க்குக் குறைவு அல்லது 3-க்கு மேல் என்றால் 1" என்று ஒரு வரி சேருங்கள்.

கரண்ட் போகும்போது எம்10 விழுவதை லேடர் பார்க்காது. எனவே பாதி ஓட்டத்தில் கரண்ட் போனால் வந்ததும் அதே பம்ப்தான் தொடரும். அது தப்பில்லை.

பதில் 2: ஸ்டார்டெல்டா

மூன்றாவதுக்கு: ஒவ்வொரு பம்புக்கும் ஒரு "தயார்" இன்புட் வேண்டும். ஓவர்லோட் ரிலேயின் என்சி (சாதாரணமாக மூடியிருக்கும்) கான்டாக்டையும் செலக்டர் ஸ்விட்சின் ஆட்டோ கான்டாக்டையும் சீரீஸில் கொடுத்து எக்ஸ்4, 5, 6. ட்ரிப் ஆனாலும், ஒயர் அறுந்தாலும், யாராவது மேனுவலில் போட்டாலும் இன்புட் விழும். ஃப்ளோட் 4, தயார் 3, ரீசெட் 1 என்று உங்கள் 8 இன்புட்டும் சரியாகத் தீரும்.

இப்போது லேடர்: டி408 = 1, எக்ஸ்4 இல்லை, ஆனால் மூன்றில் ஏதாவது ஒன்று தயார் என்றால் ஐஎன்சி. இங்கே மட்டும் பல்ஸ் இல்லாமல். தயாரான பம்ப் வரும்வரை நகர்ந்து தானாக நிற்கும். 2, 3-க்கும் இதே வரி. 3-ஐத் தாண்டினால் 1 என்ற சுருட்டல் இவற்றுக்கெல்லாம் கீழே இருக்க வேண்டும். "ஏதாவது ஒன்று தயார்" நிபந்தனையை விட்டால் மூன்றும் ட்ரிப் ஆன நாளில் எண் நிற்காமல் சுற்றும்.

1 வெளியே இருந்தால் எண்ணே 2-க்கு நகர்ந்துவிடும், அதனால் 2-உம் 3-உம் மாறி மாறி ஓடும், இரண்டுக்கும் வேலை கூடும். ரிப்பேர் தள்ளிப்போகும் என்றால் கவனியுங்கள்.

இரண்டாம் ஃப்ளோட்டுக்கு: வரிசையில் அடுத்தது தயார் என்றால் அது, இல்லையேல் அதற்கடுத்தது. முதல் பம்ப் கிளம்பி 10 விநாடி ஆன பிறகே விடுங்கள். கரண்ட் வந்ததும் குழி நிறைந்திருக்கும், இரண்டும் ஒன்றாக இழுத்தால் ஜெனரேட்டர் தாங்காது.

ஒய்0-வை (1-ஆம் பம்பின் அவுட்புட்) இரண்டு இடத்தில் எழுதவே எழுதாதீர்கள். முதல் முறைக்கு ஒரு எம், இரண்டாம் முறைக்கு ஒரு எம், கடைசியில் இரண்டையும் பேரலலாகச் சேர்த்து ஒய்0 ஒரே ஒரு இடத்தில். இல்லையேல் கீழே எழுதியதுதான் ஜெயிக்கும், மேல் வரி ஆன் ஆகத் தெரியும், பம்ப் ஓடாது. நாள் முழுக்கத் தேடினாலும் கண்ணில் படாத தப்பு இது.

பதில் 3: குழிப்பேனல்

நன்றி சார். டி408, எல்டிஎஃப், தயார் இன்புட் மூன்றும் போட்டாயிற்று, வரிசை சரியாகப் போகிறது. இன்னொன்று: பீக் நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டார்ட் வருகிறது. குழி 2 மீட்டர் × 1.5 மீட்டர், பம்ப் 600 எல்பிஎம் (நிமிடத்துக்கு லிட்டர்), ஸ்டார்ட் ஃப்ளோட்டுக்கும் நிறுத்த ஃப்ளோட்டுக்கும் 15 செமீ. இது பரவாயில்லையா?

பதில் 4: நீர்மட்டம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 சதுர மீட்டரில் 15 செமீ என்றால் 450 லிட்டர். வரத்து பம்ப் அளவில் பாதியாக, அதாவது 300 எல்பிஎம் ஆக இருக்கும்போதுதான் ஸ்டார்ட் மிக அதிகம்: நிரம்ப ஒன்றரை நிமிடம், இறைக்க ஒன்றரை நிமிடம், மணிக்கு 20 ஸ்டார்ட். மூன்றும் முறை மாறினால் ஒன்றுக்கு 7 வரை. ஒன்று வெளியே போனால் மிச்சமிருக்கும் இரண்டுக்கும் தலா 10. இரண்டு போனால் மிச்சமிருப்பதற்கு 20, மோட்டார் சூடாகும்.

நிறுத்த ஃப்ளோட்டை இறக்காதீர்கள், மோட்டார் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். ஸ்டார்ட் ஃப்ளோட்டை ஏற்றி இடைவெளியை 30 செமீ ஆக்குங்கள். 900 லிட்டர், தனியாக ஓடும் பம்புக்கும் மணிக்கு 10-தான். மேலே உள்ள இரண்டு ஃப்ளோட்டையும் அதே அளவு ஏற்ற மறக்க வேண்டாம், வரத்துக் குழாயின் வாய்க்குக் கீழே இருக்கும்படி.

லேடரில் பிடிபடாத ஒன்றும் உண்டு. நிற்கிற பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வில் துணியோ கல்லோ சிக்கினால், ஓடுகிற பம்ப் ஏற்றும் தண்ணீர் அதன் வழியாகக் குழிக்கே திரும்பும். மட்டம் இறங்காது, இரண்டாவது பம்பும் கிளம்பும். அதைவிட மோசம், நிற்கிற பம்ப் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முறை வரும்போது ஸ்டார்ட்டிலேயே ட்ரிப். "முறை மாற்றம் போட்டதிலிருந்து ட்ரிப் ஆகிறது" என்று லேடரைக் குற்றம் சொல்வார்கள், தப்பு வால்வில் இருக்கும். குறிப்பிட்ட ஒரு பம்ப் மட்டும் ஸ்டார்ட்டில் ட்ரிப் என்றால் முதலில் அந்த வால்வைத் திறந்து பாருங்கள்.

பதில் 5: ஸ்டார்டெல்டா

மேலே சொன்னதோடு இதையும். வரத்தும் இறைப்பும் சமமானால் கீழ் ஃப்ளோட் விழவே விழாது, ஒரே பம்ப் மணிக்கணக்கில் ஓடும். எம்10 தொடர்ந்து 4 மணி நேரம் ஆன் என்றால் பம்பை நிறுத்தி, 10 விநாடி விட்டு, எண்ணை ஒன்று கூட்டி அடுத்ததைக் கிளப்புங்கள்.

எக்ஸ்2 ஆன், எக்ஸ்1 ஆஃப் என்று 5 விநாடி நின்றால் கீழே உள்ள ஃப்ளோட் மாட்டியிருக்கிறது. அலாரம் கொடுத்துவிட்டு, எக்ஸ்2-ஐ வைத்தே எம்10-ஐ செட் செய்யுங்கள்.

உச்சி ஃப்ளோட்டை எக்ஸ்3-க்கு மட்டும் கொண்டுபோகாமல், ஒரு ரிலே வழியாக 3-ஆம் பம்பின் கான்டாக்டருக்கு நேராகவும் கொடுத்துவிடுங்கள், ஓவர்லோட் என்சி-யைத் தாண்டாமல். கன்ட்ரோலர் ஸ்டாப்பில் விழுந்தாலும் 24 வோல்ட் சப்ளை செத்தாலும் ஒரு பம்ப் ஓடும். அந்த ரிலே காயிலுக்கும் அதே 24 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.