எச்சில் வற்றிய வாய்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நிலவொளி:
பல் மருத்துவர் அந்தச் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுவிட்டு வெளியே எடுக்கப் போனார். வரவில்லை. கன்னத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மெல்லப் பிரித்தபோது பிளாஸ்திரியை உரிப்பது போல ஓர் இழுப்பு, அது இன்னும் மறக்கவில்லை. ஒரே வருடத்தில் ஐந்து சொத்தை, எல்லாம் ஈறை ஒட்டிய இடத்தில். இரண்டு வேளையும் பல் துலக்குகிறவள் நான். "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்றார். நரம்பு வலிக்கு இரண்டு வருடமாக அமிட்ரிப்டிலின். அதை எழுதிக் கொடுத்தவர் தூக்கம் வரும் என்றார், வாய் காயும் என்று சொல்லவே இல்லை. நடுராத்திரியில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டி விழித்ததையெல்லாம் வயசு என்று விட்டுவிட்டேன்.

மழைக்காகம்:
அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு தொடங்கிச் சில வாரங்களில் எச்சில் கயிறு மாதிரி கெட்டியாகி, அப்புறம் அதுவும் நின்றுபோனது. காதுக்குக் கீழே இருக்கும் பெரிய சுரப்பிகள் கதிர் போகும் பாதையில் இருந்தனவாம். ஒருநாள் ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். இறங்கவில்லை. கையில் துப்பிவிட்டு அழுதார். கண்ணில் நீர் வந்தது, வாயில் வரவில்லை. ருசியும் போய்விட்டது. எச்சிலில் கரைந்தால்தான் நாக்குக்கு ருசி தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எச்சில் சுரக்க வைக்கும் பைலோகார்பைன் மாத்திரை கொடுத்தார்கள். உடம்பெல்லாம் வியர்த்ததுதான் மிச்சம்.

நடைவாசி:
எனக்கும் வந்தது. ஒவ்வாமை மாத்திரை போட்டுக்கொண்டு கூட்டத்தில் பேச எழுந்தேன், மேலுதடு பல்லில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். தினமும் நான்கு லிட்டர் தண்ணீர் குடியுங்கள். எலுமிச்சைப் புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள், எச்சில் ஊறும். மவுத்வாஷால் அடிக்கடி கொப்பளியுங்கள். வாயை மூடி மூக்கால் மூச்சு விடப் பழகுங்கள். நிலவொளி, நீங்கள் அந்த மாத்திரையை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

கல்தூண்:
நடைவாசி, மூக்கால் மூச்சு விடச் சொன்னது சரி. மற்றதைப் படித்ததும் பதறிவிட்டேன். பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்கிறேன், இப்படிப் புளிப்பு மிட்டாயைச் சப்பிச் சப்பியே முன்பற்கள் கரைந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன். வாயின் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். சாதாரணமாக எச்சிலில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை முறிக்கும், கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்குள் திரும்பப் போய்ச் சேரும். எச்சிலே இல்லாதவருக்கு அமிலத்தை யார் முறிப்பது? தண்ணீர் நனைக்கும், இந்த வேலையைச் செய்யாது. கிருமியை அடக்கும் லைசோசைமும் தண்ணீரில் கிடையாது, அதனால்தான் இவர்களுக்கு வெள்ளைப் பூஞ்சை எளிதாக வருகிறது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் இன்னும் காய வைக்கும். சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி போட்ட சூயிங்கம் மெல்லலாம், சுரப்பியில் உயிர் மிச்சம் இருந்தால் ஊறும். தூக்கத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றேவிடும், அதனால் ராத்திரி படுக்கும் முன் ஃபுளோரைடு பேஸ்டால் துலக்குவதை ஒருநாளும் விடக்கூடாது. முக்கியமாக, அமிட்ரிப்டிலினைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய் அளவைக் குறைக்கலாமா, மாற்றலாமா என்று கேட்க வேண்டும்.

வெயில்நிழல்:
மாத்திரை எதுவும் இல்லாமலே எனக்கு வந்தது. மகளுக்குப் படுக்கையில் கதை படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நாக்கு 'டக் டக்' என்று ஒட்டிப் பிரிந்தது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ராத்திரி கதை தொடங்குவதற்கு முன்பே டம்ளர் இருந்தது. அப்போதுதான் இது எத்தனை நாளாக நடக்கிறது என்று உறைத்தது. கண்ணிலும் மணல் விழுந்த மாதிரி உறுத்தல் இருந்தது, இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. உள்ளுதட்டில் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதித்து ஷோகிரன் நோய் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. ஹென்ரிக் ஷோகிரன் என்ற ஸ்வீடன் கண் மருத்துவர் 1933-இல் விரிவாக எழுதிய நோய் இது. எனக்குக் கண்டுபிடிக்க நான்கு வருடம் ஆனது. வாயோடு கண்ணும் காய்ந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நிலவொளி:
கல்தூண், நன்றி. மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன், அதுவரை நிறுத்தவில்லை. மழைக்காகம், அம்மா இப்போது எப்படிச் சாப்பிடுகிறார்?

மழைக்காகம்:
எல்லாவற்றையும் நனைத்து, குழைத்துக் கொடுக்கிறேன். விழுங்கும் முன் ஒரு மடக்கு தண்ணீர், விழுங்கியபின் ஒரு மடக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. முடியும் வரை நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன்.