ரெனசான்ஸ் ஃபேர் கோமாளிகள்: தொப்பி, மட்டை, சேறு, தக்காளி

ரெனசான்ஸ் ஃபேர் என்பது பழைய ஐரோப்பியச் சந்தை போல வேடமும் கடையும் மேடையுமாக அமெரிக்காவில் நடத்தும் திறந்தவெளி விழா. அங்கே பலகையில் 11:30 ஷோ என்று போட்டிருந்தால் 11:20க்கே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுங்கள். பாதி வித்தை அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கிறது. இந்த மேடைகளுக்குச் சுவர் கிடையாது, பெரும்பாலும் கூரையும் கிடையாது. நுழைவுச் சீட்டை வெளி வாசலிலேயே கிழித்தாயிற்று. உள்ளே யாரும் எங்கேயும் எழுந்து போகலாம். ஒரு பக்கம் சுட்ட வான்கோழிக் கால் வாசனை, இன்னொரு பக்கம் குதிரை ஈட்டிச் சண்டையின் கூச்சல். இத்தனைக்கும் நடுவே, பல நேரம் மைக்கும் இல்லாமல், கலைஞர்கள் ஆளைச் சேர்க்க வேண்டும்.

வழக்கமாகச் செய்வது இது. முதலில் வந்து உட்கார்ந்த பத்துப் பன்னிரண்டு பேரிடம் தாழ்ந்த குரலில், “மூணு எண்ணுவேன், ஏதோ பெருசா நடந்துட்ட மாதிரி கத்துங்க” என்று சொல்லிவைப்பார்கள். அவர்கள் கத்தியதும் பாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு முறை செய்தால் நாற்பது பேராவது சேர்ந்துவிடும். அடுத்த வேலை, பின் வரிசைக்காரர்களை முன்னால் இழுப்பது. இருநூறு பேர் உட்காரும் இடத்தில் நாற்பது பேர் சிதறிக் கிடந்தால் நல்ல நகைச்சுவைகூடச் செத்துப்போகும். அதே நாற்பது பேர் முன் நான்கு வரிசையில் தோள் உரச உட்கார்ந்தால் ஒருவர் சிரிப்பு அடுத்தவரைத் தொற்றும். முன்னால் வரச் சொன்னால் தயங்காமல் வந்துவிடுங்கள். ஷோவுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

*

ஷோ முடிவில் காசுக்காகத் தொப்பியை நீட்டுவார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல கலைஞர்களுக்கு விழா தரும் தொகை பயணத்துக்கும் தங்குவதற்குமே சரியாகப் போகும், வருமானம் தொப்பியில்தான். சிலருக்குத் தொப்பி மட்டுமே.

25 முதல் 30 நிமிட ஷோவில் பணப் பேச்சு வரும் இடத்தைக் கவனியுங்கள். கடைசி வித்தைக்குச் சற்று முன்னால் வரும், முடிந்த பிறகு வராது. கைதட்டல் எழுந்த நொடியே கூட்டம் கலையத் தொடங்கிவிடும்; அப்புறம் யார் காதிலும் எதுவும் விழாது. அதனால் பெரிய வித்தைக்கான சாமானை எல்லோர் கண்ணிலும் படும்படி எடுத்து வைத்துவிட்டுப் பேசுவார்கள். தீப்பந்தம் என்றால் பற்றவைப்பதற்கு முன் பேச்சு முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எரிகிற பந்தம் காத்திருக்காது. பேச்சு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கெஞ்சல் ஆகிவிடும். அரை நிமிடத்தில் முடித்தால் யார் மனதிலும் பதியாது.

கவிழ்த்துக் கொட்டிய வெறும் தொப்பியோடு யாரும் நிற்பதில்லை. கையிலிருந்து ஓரிரு தாள் நோட்டை முதலிலேயே போட்டுவைப்பார்கள். அடுத்தவர் எதைப் போடலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். இருவர் ஆட்டம் என்றால் ஆளுக்கொரு வெளிவழியில் நிற்பார்கள். இப்போது க்யூஆர் அட்டையும் தொங்குகிறது. ஆனால் மரங்களுக்கு நடுவே சிக்னல் கிடைக்காத மைதானங்கள் உண்டு. 5, 10 டாலர் தாள்களைச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். கூட்டம் நெரிந்தாலும் நல்ல கலைஞர் குனிந்து அந்தக் குழந்தையோடு இரண்டு வார்த்தை பேசாமல் விடமாட்டார்.

*

தீப்பந்தம் என்றதால் ஒரு சேர்க்கை. எரிபொருளில் தோய்த்த திரியை உதறி, சொட்டுவது நின்ற பிறகுதான் பற்றவைக்க வேண்டும். உதறாத பந்தம் சுழலும்போது எரியும் துளிகளை முன் வரிசை வரை தெளிக்கும். காற்று முகத்துக்கு நேராக அடித்தால் சுடர் வீசுபவர் மேலேயே சாயும். அதனால் காற்று பக்கவாட்டில் வரும்படி திரும்பி நிற்பார்கள். நனைத்த துண்டும் தீயணைப்பானும் மேடை ஓரத்திலேயே இருக்கும். புல் காய்ந்த பருவத்தில் தீயணைப்புத் துறை தடை போட்டுவிட்டால் ஷோவின் முடிவையே மாற்ற வேண்டும். தீ இல்லாத ஒரு முடிவையும் ஒத்திகை பார்த்து வைக்காதவர்கள் அன்று திண்டாடிப்போவார்கள்.

*

மேடைக்கு ஆள் எடுப்பது தனிக் கலை. கையைத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறவரையும் பியர்க் குவளையோடு இருப்பவரையும் அனுபவசாலி தொடமாட்டார். முதல் ஐந்து நிமிடத்தில் நன்றாகச் சிரித்தவர், கூடவே குடும்பமோ நண்பர்களோ உட்கார்ந்திருப்பவர், நடைவழிக்குப் பக்கத்தில் இருப்பவர்: இப்படிப்பட்டவரைத்தான் தேடுவார்கள். கூட வந்தவர்கள் போடும் கூச்சலே பாதி நகைச்சுவையைத் தந்துவிடும்.

வர விருப்பமில்லையா? கண் சந்தித்ததுமே உள்ளங்கையை நெஞ்சில் வைத்துச் சிரித்தபடி தலையை ஆட்டிவிடுங்கள். உடனே அடுத்தவரிடம் போய்விடுவார்கள். பாதி வழி வந்து திரும்பினால்தான் எல்லோருக்கும் சங்கடம்.

மேடை ஏறிவிட்டால் நீங்களாக நகைச்சுவை செய்யாதீர்கள். அந்த ஆட்டம் முழுவதும் உங்கள் திகைத்த முகத்தை நம்பிக் கட்டியது. காதில் மெதுவாக ஏதாவது சொன்னால் அது பாதுகாப்புக் குறிப்பு, அப்படியே கேளுங்கள். சாட்டையால் காகிதத்தைக் கிழித்துக் காட்டும் சாட்டைக்காரர் அதைப் பிடிக்கச் சொன்னால் கையை முழுக்க நீட்டி, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, அசையாமல் நிற்க வேண்டும். விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் சாட்டை இல்லை, கடைசி நொடியில் கையை இழுப்பதுதான்.

*

கோமாளிகள் அடித்துக்கொள்ளும்போது வரும் சத்தத்தை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று பலர் கேட்பதால் அடிமட்டையைப் பற்றி எழுதுகிறேன். கொமேதியா தெல்லார்த்தே என்ற பழைய இத்தாலிய முகமூடி நகைச்சுவை நாடகத்தின் கோமாளியான ஆர்லெக்கினோ இடுப்பில் செருகியிருக்கும் மட்டை இது. அடிதடி நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல்லே இந்தக் கருவியின் பெயர்தான்.

ஒன்றரை அடி முதல் இரண்டடி நீளத்தில் இரண்டு மெல்லிய மரப்பட்டைகள். கைப்பிடிப் பக்கம் மட்டும் நடுவே சிறு கட்டை வைத்து இறுக்கியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். லேசாகத் தட்டினாலே பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் பளார் என்று கேட்கும். அடிபட்டவருக்கு ஒன்றும் ஆகாது. இடைவெளி குறைந்தால் சத்தம் அமுங்கிவிடும். கூடினால் சத்தத்துக்கு ஓங்கி அடிக்க வேண்டிவரும், அப்போது வலிக்கும். தட்டையான பக்கம் படாமல் விளிம்பு பட்டால் சத்தமும் வராது, கன்றியும் போகும். மழையில் நனைந்த மட்டையை அன்று எடுக்காதீர்கள். மரம் ஈரம் குடித்தால் சத்தம் மந்தமாகிவிடும், அவசரமாக வெயிலில் காயவைத்தால் வளைந்துவிடும். நிழலில்தான் காய வேண்டும்.

இந்த விழாக்களில் கொமேதியா வாசனை அடிப்பது தற்செயல் இல்லை. 1963 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் முதல் விழாவை ரான் பேட்டர்சனோடு சேர்ந்து நடத்திய ஃபிலிஸ் பேட்டர்சன் ஒரு பள்ளி ஆசிரியை. வீட்டுக் கொல்லையில் பிள்ளைகளுக்கு இந்த நாடகம் சொல்லிக்கொடுத்தவர். கேபிஎஃப்கே வானொலிக்கு நிதி திரட்ட நடந்த விழா அது. பிறகு மினசோட்டா விழாவில் 1974இல் ‘ப்யூக் அண்ட் ஸ்நாட்’ என்ற நகைச்சுவை ஜோடி மேடையேறியது. 1975 ஆகஸ்டில், பின்னாளில் புகழ்பெற்ற மேஜிக் ஜோடியான பென்னும் டெல்லரும் முதன்முதலாகச் சேர்ந்து ஆடியதும் அங்கேதான். வெட்டவெளியில் கூட்டத்தை நிறுத்திப் பழகியவர்களுக்கு எந்த அரங்கமும் பயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

*

சேற்றுக் குழிக்குள் ஆடும் சேற்று ஷோவுக்குப் போகிறவர்களுக்கு: முதல் மூன்று வரிசை நனையும். செல்போனை உள்ளே வையுங்கள். ஆடுபவர்கள் சேற்றில் விழுவது மட்டும் இல்லை, முகத்தை முக்குவார்கள், வாயில் அள்ளியும் போடுவார்கள். அதனால் காலையில் ஷோ தொடங்கும் முன் குழிக்குள் இறங்கிக் கையால் துழாவிக் கல், கண்ணாடிச் சில்லு, வேர் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். பதமும் முக்கியம். தண்ணீர் கூடினால் வழுக்கி மூட்டு பிசகும், குறைந்தால் கால் புதைந்து விழுகிறவரின் கணுக்கால் திருகும். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சேறு ரோமத்தைப் பிடித்து இழுக்கும் என்பதால் அடுத்த ஷோவுக்குள் குழாயடியில் கழுவியே தீர வேண்டும்.

*

வசைபாடுகிறவர் மேல் தக்காளி எறியும் கடை ஒன்று உண்டு. அங்கே பலகை ஓட்டைக்குள் தலையை நீட்டிக்கொண்டு வசைபாடுபவருக்குக் கனிந்து தொளதொளத்த பழம்தான் வேண்டும். காய்வெட்டுப் பழம் கல் மாதிரி, முகத்தைக் கிழித்துவிடும். காலையில் கூடையைக் கொட்டி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். புளிச்சாறு கண்ணில் எரியும். அதனால் எறிபவரின் தோளைப் பார்த்துக் கண்ணை மூடுவார்கள். கோடைக் கடைசியில் பலகையில் காய்ந்த சாறுக்குக் குளவி மொய்க்கும், மணிக்கொரு முறை கழுவாவிட்டால் கொட்டு வாங்க வேண்டியதுதான். நல்ல வசைக்காரர் உடம்பையும் நிறத்தையும் தொடமாட்டார். எறிந்த இலட்சணத்தையும் பக்கத்தில் நிற்கும் மைத்துனனையும் வைத்தே வெளுத்துவாங்குவார்.

*

மேடை இல்லாமல் பாதையில் திரியும் பாத்திரங்களையும் விடாதீர்கள். எலி பிடிப்பவர், பிச்சைக்காரர், சலவைக்காரிகள் என்று வருவார்கள். இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், காரணம் கடை வாசலை மறித்தால் கடைக்காரருக்கு நட்டம்.

அவர்கள் பேசும் பழைய ஆங்கிலத்தில் ‘தௌ’ (thou) என்பது நம் ‘நீ’, ‘யூ’ என்பது ‘நீங்கள்’. இது தமிழ்க் காதுக்குச் சட்டென்று பிடிபடும். புதிதாய் வேடம் கட்டுகிறவர்கள் பழைய வாசனை வரட்டும் என்று எல்லோரையும் ‘தௌ’ போட்டு, அரசி வேடத்தில் வருபவரைக்கூட ‘நீ’ என்று கூப்பிட்டுவிடுவார்கள். தேர்ந்த கோமாளி ஊர்ப் பெரியவர்களை ஒழுங்காக ‘யூ’ என்று அழைத்துக்கொண்டே வந்து, ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிஃப் வேடக்காரரிடம் மட்டும் ஒரே ஒரு ‘தௌ’ நழுவவிடுவார். ஷெரிஃப் நின்று திரும்பிப் பார்ப்பார். கோமாளி அதற்குள் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். அப்போது நகராமல் நின்று கொடுங்கள்.