எஃபெக்ட்ஸ் இயங்கும்போது முழுத்திரை வீடியோ கிழிந்து தெரிகிறது: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

என் மடிக்கணினியில் லினக்ஸ், எக்ஸ்11 என்ற திரைக்காட்சி அமைப்போடு இயங்குகிறது. ஜன்னல்களுக்கு நிழலும் ஒளிபுகும் தன்மையும் தரும் டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸை இயக்கியிருக்கும்போது, சிறிய ஜன்னலில் ஒழுங்காக ஓடும் வீடியோ, முழுத்திரைக்கு மாற்றியதும் கிழிந்துவிடுகிறது. கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில், திரையின் மேற்பகுதியில் ஒரு கிடைக்கோடு விழுந்து, நடந்துபோகிறவரின் தலை ஒரு விரற்கடை முன்னாலும் உடல் பின்னாலுமாகத் தெரிகிறது. ஒலியில் குறையேதும் இல்லை.

ஜன்னல்களை ஒன்றுசேர்த்துத் திரையில் வரையும் காம்போசிட்டர், முழுத்திரை ஜன்னல்களைத் தன் பொறுப்பிலிருந்து விட்டுவிடுவதால், திரையின் புதுப்பிப்போடு ஃப்ரேம்களை (வீடியோவின் தனித்தனிப் படங்களை) ஒத்திசைக்க எவரும் இல்லாமல் போகிறது என்பது என் ஊகம். முழுத்திரை ஜன்னல்களை அப்படி விட்டுவிடச் சொல்லும் அமைப்பைக் காம்போசிட்டரில் அணைத்துப் பார்த்தேன். கிழிசல் மறைந்தது, ஆனால் சில விநாடிகளுக்கு ஒருமுறை படம் தடுக்கி நிற்கிறது. விநாடிக்கு 24 ஃப்ரேம் கொண்ட வீடியோ, விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் (60 ஹெர்ட்ஸ்) திரையில் இயல்பாகவே சற்றுத் தடுக்கும் என்பதை அறிவேன். 60 ஃப்ரேம் வீடியோவிலும் இதே நிலைதான் என்பதால் காரணம் அதுவன்று. பிளேயர் படத்தைத் திரைக்கு அனுப்பும் வழியை எக்ஸ்வி, ஓப்பன்ஜிஎல் என மாற்றியும் பயனில்லை. எச்.264 வகை வீடியோவுக்கு வன்பொருள் டிகோடிங் (வீடியோவைக் கிராபிக்ஸ் சிப்பே விரித்தெடுப்பது) ஆதரவு இருப்பதை விஏஇன்ஃபோ என்ற சோதனைக் கருவி காட்டுகிறது.

எக்ஸ்11-க்கு மாற்றான வேலேண்டுக்கு மாறச் சொல்வீர்கள்; நான் அன்றாடம் பயன்படுத்தும் திரைப்பதிவுக் கருவி அதில் இயங்காததால் இப்போதைக்கு இயலாது. எஃபெக்ட்ஸை ஒவ்வொரு முறையும் அணைக்காமல், டிரைவர் அமைப்பிலோ காம்போசிட்டரிலோ இதைச் சரிசெய்தவர்கள் இருந்தால், எந்த அமைப்பை மாற்றினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். தேவைப்படும் லாக் கோப்புகளைப் பதிவிடுகிறேன்.